நாக்கு வழிப்பான்



ஒரு பொருளைப் பயனற்றது என்று இகழ வேண்டுமானால், "இதை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது?" என்று கேட்பது நம் வழக்கம். இப்படிக் கேட்பவர் நாக்கு வழிப்பதை இழிந்த செயலாகக் கருதிக் கேட்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். நாக்கு வழிப்பதற்குத் தென்னை ஈர்க்கின் ஒரு துண்டே போதும். பல் துலக்கி முடித்த வேப்பங்குச்சியை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தாலும் போதும். அவ்வளவு எளிய வேலைக்குக்கூட உதவாத பொருள் இது என்பதே அக்கேள்வியின் கருத்து. ஆகவே, அந்த வசைக்குள்ளே ஓர் உண்மை மறைந்திருக்கிறது. நாள்தோறும் நாக்கை வழிக்க வேண்டும் என்பதில் தமிழருக்கு ஐயம் இருந்ததில்லை. எதைக் கொண்டு வழிப்பது என்பதில்தான் காலத்துக்குக் காலம் மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. அந்த மாறுதலைப் பற்றியும், அதனால் நமக்கு விளையும் நன்மை தீமைகளைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேசக் கருதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு உதித்த இடம் புதுச்சேரி நகரின் வடபால் உள்ள வைத்திக்குப்பம் கடற்கரையாகும். மீனவர் வாழும் அச்சிற்றூரை உங்களுட் பலர் மாசி மகத்தன்று கண்டிருப்பீர்கள். மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் அன்று அக்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது நெடுநாளைய வழக்கம். அத்தகைய விழா ஒன்று முடிந்த மறுநாள், பள்ளி மாணவர் சிலருடன் கரையைத் தூய்மை செய்யச் சென்றிருந்தேன். 1980-களின் இறுதியில் நகரின் தெற்கே துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர், வடபால் உள்ள குப்பங்களின் மணல் அரிக்கப்பட்டது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். அக்கற்களின் இடுக்குகளில் கடல் கொண்டுவரும் குப்பை அனைத்தும் சிக்கிக்கொள்கிறது. பாலிதீன் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் எதிர்பார்த்தே சென்றோம். ஆயின், பற்குச்சிகளும் வளைந்த பிளாஸ்டிக் நாக்கு வழிப்பான்களும் அவ்வளவு கிடைக்கும் என்று நாங்கள் எண்ணவில்லை. நீலமும் சிவப்பும் பச்சையுமாக, வெயிலில் வெளுத்து, விளிம்புகள் நொறுங்கி அவை கிடந்தன.

அங்கே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரே, கடலுக்குக் கொடுத்ததைக் கடல் வைத்துக்கொள்ளாது. ஒன்று கரைக்குத் தள்ளும், இல்லாவிட்டால் என் வலைக்குள் தள்ளும்" என்றார். பிறகு, "எங்கள் அப்பா நாக்கு வழித்த வேப்பங்குச்சியைக் கடலில் போட்டால் மறுநாள் அதைத் தேடினாலும் கிடைக்காது. இதைப் பாருங்கள், என் பேரப்பிள்ளை காலத்திலும் இங்கேயே கிடக்கும்" என்று ஒரு பிளாஸ்டிக் வழிப்பானைக் கையில் எடுத்துக் காட்டினார். அப்பெரியவரைப் பற்றி இப்பேச்சின் முடிவில் மீண்டும் கூறுவேன். முதலில் நாக்கைப் பற்றிப் பார்ப்போம்.

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக இல்லை. வெல்வெட்டுத் துணியைப் போல நுண்ணிய முளைகள் நிறைந்திருப்பதைக் காண்பீர்கள். இவற்றுள் மிகுதியானவை நூல்போன்ற மெல்லிய முளைகள். இவை உணவைப் பற்றிப் புரட்ட உதவுகின்றன; இவற்றில் சுவை மொட்டுகள் இல்லை. இவற்றுக்கிடையே சிவந்த புள்ளிகளாகத் தோன்றும் காளான் வடிவ முளைகளிலும், நாக்கின் பின்புறத்தில் வரிசையாக அமைந்த ஏறத்தாழ பத்துப் பெரிய வட்ட முளைகளிலும், ஓரங்களில் மடிப்பு மடிப்பாக உள்ள முளைகளிலும் சுவை மொட்டுகள் அமைந்துள்ளன. நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று நாக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் படத்தைப் பழைய பாடநூல்களில் நீங்கள் கண்டிருக்கலாம். 1901-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பிற்காலத்தார் பிழைபடப் புரிந்துகொண்டதால் விளைந்த படம் அது. எல்லாச் சுவைகளையும் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் உணர்கின்றன என்பதே உண்மை.

இனி, அந்த நூல்போன்ற முளைகளின் இடைவெளியில் என்ன தங்குகிறது என்று காண்போம். வாயின் உட்புறத்திலிருந்து உதிரும் இறந்த உயிரணுக்கள், உணவின் நுண்துகள்கள், உமிழ்நீரின் கொழகொழப்புப் பொருள், இவற்றை உண்டு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஆகிய இவையனைத்தும் சேர்ந்து ஒரு மெல்லிய படிவமாகின்றன. காலையில் நாக்கின் பின்பாதியில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ தோன்றுவது இதுவே. 1683-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் தம் பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டித் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையினூடே நோக்கினார்; அதனுள் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதினார். நம் வாய் ஒரு சிற்றுலகம் என்பதை மனிதன் முதன்முதல் அறிந்தது அன்றுதான்.

பகலில் உமிழ்நீர் இச்சிற்றுலகத்தை ஓயாது கழுவிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. ஆனால் நாம் உறங்கும்போது அச்சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில், காற்றுப் புகாத இடுக்குகளில் வாழும் நுண்ணுயிர்கள் புரதப் பொருள்களைச் சிதைக்கின்றன. புரதத்தில் கந்தகம் உண்டு. எனவே ஹைட்ரஜன் சல்பைடு, மெதில் மெர்காப்டன் போன்ற கந்தக வளிகள் எழுகின்றன. முன்னது அழுகிய முட்டையின் நாற்றமுடையது என்பதை வேதியியற் கூடத்தில் பயின்ற மாணவர் அறிவர். காலையில் எழுந்தவுடன் எவர் வாயிலும் தோன்றும் நாற்றத்தின் காரணம் இதுவே. அது குற்றமும் அன்று, நோயும் அன்று. வாய்நாற்றத்தின் தோற்றுவாய் வயிறு என்று பலர் நம்புகின்றனர். பெரும்பாலும் அது வாயிலேயே, அதிலும் நாக்கின் பின்புறத்திலும் ஈறுகளின் இடுக்கிலுமே தோன்றுகிறது.

அப்படியானால் நாக்கை வழிப்பதால் இந்நாற்றம் நீங்குமா? இக்கேள்வியை அறிஞர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 2006-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு மதிப்புரை வெளியிட்டது. தகுதியானவையாக அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே ஆய்வுகள். அவற்றில் பங்கு கொண்டவர்கள் 40 பேர். ஓர் ஆய்வில், வழிப்பான் வகைக் கருவிகள் கந்தக வளிகளை 40 முதல் 42 விழுக்காடு வரை குறைத்தன. பற்குச்சியால் நாக்கைத் தேய்த்தபோது 33 விழுக்காடு குறைந்தது. வழிப்பானுக்கே வெற்றி, ஆயினும் சிறிய வெற்றி. மேலும், அந்த வேறுபாடு அரைமணி நேரத்துக்கு மேல் நிலைத்ததாகச் சான்று கிடைக்கவில்லை. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மற்றொரு செய்தியைக் கூறுகிறது. நாக்கை வழிப்பதால் நுண்ணுயிர்களின் தொகை பெரிதும் குறைந்துவிடவில்லை. அவற்றின் உணவாகிய படிவமே குறைந்தது. சுவை உணர்வும் சற்று மேம்பட்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? நாக்கு வழிப்பது நல்ல பழக்கம். ஆனால் அது மந்திரம் அன்று. வீட்டு வாயிலைப் பெருக்குவது போன்றது அது. இன்று பெருக்கினால் நாளையும் பெருக்கத்தான் வேண்டும். ஈறு நோய், சொத்தைப் பல், உமிழ்நீர் வறட்சி, மூக்கு தொண்டை நோய் முதலியவற்றால் உண்டாகும் நாற்றத்தை வழிப்பானால் போக்க இயலாது. நாள்தோறும் இருமுறை பல் துலக்குவதற்கும் அது ஈடாகாது. இக்கருவி நச்சுப்பொருளை உடலினின்றும் வெளியேற்றும், எல்லா நோயையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டா.

வாயில் வாழும் நுண்ணுயிர்கள் யாவும் நமக்குப் பகையல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட்டு என்னும் உப்பு உள்ளது. நாக்கில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றித் தருகின்றன. அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைப் பெறுகிறது. அது குருதிக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்கிறது. ஆகவே, கடுமையான கிருமிக்கொல்லி நீரால் நாள்தோறும் வாயைக் கொப்பளித்து நல்லவை தீயவை என்ற வேறுபாடின்றி அழிப்பதைவிட, மேலே தேங்கிய படிவத்தை மட்டும் மெல்ல வழித்தெடுப்பது அறிவுடைமை.

நம் முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர்? ஆயுர்வேத நூல்களுள் தொன்மையான சரக சங்கிதை, நாள் ஒழுக்கத்தைக் கூறும் பகுதியில் நாக்கு வழிக்கும் கருவியைக் குறிப்பிடுகிறது. பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளை ஆகியவற்றால் அதனைச் செய்யலாம் என்றும், அது கூர்மையற்றதாயும் வளைந்ததாயும் இருத்தல் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. சுசுருத சங்கிதை பொன்னோடும் வெள்ளியோடும் மரத்தையும் சேர்த்துக் கூறுகிறது. அதன் நீளம் பத்து அங்குலி, அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு என்றும், அது மென்மையும் வழுவழுப்பும் உடையதாய் இருக்க வேண்டும் என்றும் அது உரைக்கிறது. இரு நூல்களும் பொருளை வேறுவேறாகக் கூறினும், நாவைக் காயப்படுத்தாமை என்னும் ஒன்றில் உடன்படுவதைக் கவனியுங்கள். ஐரோப்பாவிலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செல்வர் வீட்டு ஒப்பனைப் பெட்டிகளில் வெள்ளியாலும் தந்தத்தாலும் ஆன வழிப்பான்கள் இருந்தன. பொன்னும் வெள்ளியும் அரண்மனைக்கு. ஈர்க்கும் வேப்பங்குச்சியும் குடிசைக்கு. ஆனால் பழக்கம் இருவர்க்கும் ஒன்றே.

பிளாஸ்டிக் இந்த வாயிற்படியை எப்போது தாண்டியது? 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூப்பாண்ட் நிறுவனத்தின் நைலான் இழைகளைக் கொண்ட பற்குச்சி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னர்ப் பன்றி மயிரே அவ்விடத்தில் இருந்தது. கைப்பிடியும் பிளாஸ்டிக்காயிற்று. சீப்பும் சோப்புப் பெட்டியும் பிளாஸ்டிக்காயின. நாக்கு வழிப்பானும் அவ்வரிசையில் சேர்ந்தது. பற்குச்சிக்கு மெல்லிய இழை தேவை. அங்கே நைலானை விலக்குவது எளிதன்று. ஆனால் நாக்கு வழிப்பானுக்கு வேண்டியது ஒரு வளைந்த மழுங்கிய விளிம்பு மட்டுமே. இரும்புக் காலத்துக்கு முன்னிருந்தே மனிதன் உலோகத்தால் செய்யக் கற்ற எளிய வடிவம் அது. அதற்குப் பிளாஸ்டிக் ஏன் வேண்டும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிளாஸ்டிக் வழிப்பானின் எடை 5 கிராம் என்றும், மூன்று திங்களுக்கு ஒருமுறை அதனை மாற்றுகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 4 கருவிகள். எடை 20 கிராம். இது மிகச் சிறிய அளவே. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள் தொகை ஏறத்தாழ 12.5 இலட்சம். அனைவரும் இவ்வாறு செய்தால் ஆண்டுக்கு 50 இலட்சம் கருவிகள். எடை 25 டன். உண்மையில் எல்லாரும் இதனைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே இது நடந்த கணக்கு அன்று, நடக்கக்கூடிய கணக்கு. சிறு துளி பெருவெள்ளம் என்பது நல்லவற்றுக்கு மட்டும் உரிய விதியன்று என்பதை உணர்த்தவே இதனைக் கூறினேன்.

இவ்வளவு சிறிய பொருளைப் பழைய சாமான் வாங்குவோரும் எடுப்பதில்லை. பிரித்தெடுத்து மீண்டும் உருக்குவாரும் இல்லை. அது குப்பைமேட்டுக்கோ வாய்க்காலுக்கோ, வாய்க்கால் வழியே கடலுக்கோ செல்கிறது. அங்கே வெயிலும் அலையும் அதனைச் சிதைக்கின்றன. ஆனால் மக்கச் செய்வதில்லை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்துகள்களாகி அது நீரில் கலக்கிறது. அத்துகள்களை மீன்களும் சிப்பிகளும் உட்கொள்கின்றன. 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றை இந்திய அரசு நாடெங்கும் தடை செய்தது. உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, காது குடையும் குச்சி முதலியன அப்பட்டியலில் உண்டு. நாக்கு வழிப்பான் இல்லை. சட்டம் தொடாத இடத்தில் நம் அறிவே நம்மை நடத்த வேண்டும்.

உலோகம் என்றால் எவ்வுலோகம்? கடைகளில் 'டங் கிளீனர்' என்று கேட்டால் இன்று எளிதில் கிடைப்பவை எவர்சில்வரும் செம்பும் ஆகும். நாம் எவர்சில்வர் என்று வழங்குவது துருப்பிடியாத உருக்கு. இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் 1913-ஆம் ஆண்டில் இவ்வகை உருக்கை உருவாக்கினார். இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேரும்போது, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் அப்படலம் தானே மீண்டும் உருவாகும். ஆகவே துரு ஏறுவதில்லை. நம் வீட்டுப் பாத்திரங்களில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த வகையும் வழக்கில் உள்ளது. நிக்கல் பட்டால் தோல் தடிக்கும் இயல்புடையோர் மட்டும் செம்பைத் தேர்ந்துகொள்வது நலம்.

செம்புக்கு நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது உண்மையே. அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் செம்புக் கலவைகளை அத்தகைய பொருளாகப் பதிவு செய்தது. ஆனால் அந்த ஆற்றல் வெளிப்பட மணிக்கணக்காகும். பத்து விநாடி நாவின்மேல் ஓடும் செம்புத் தகடு நாவிலுள்ள கிருமிகளைக் கொன்றுவிடும் என்று எண்ணுவது தவறு. கருவியின் மேற்பரப்பு, அதனைக் கழுவி வைத்திருக்கும் நேரத்தில் தூய்மையாயிருக்க அவ்வாற்றல் உதவலாம், அவ்வளவே. செம்பில் களிம்பு ஏறும். அதிலும் வைத்திக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பசுமை விரைவில் படியும். நம் தாய்மார் செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குவதைக் கண்டிருப்பீர்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்து நீக்குகிறது. வழிப்பானுக்கும் அதே முறைதான். பின்னர் நன்றாகக் கழுவிவிட வேண்டும். பசுமை படிந்த கருவியை வாயில் இடலாகாது. இத்தொல்லை வேண்டாம் என்போருக்கு எவர்சில்வரே ஏற்றது. கலப்பு இன்னதென்று தெரியாத பித்தளையில் ஈயம் இருக்கக் கூடும். ஆதலால் அதனைத் தவிர்க்கலாம்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். உலோகமும் வானத்திலிருந்து விழுவதன்று. சுரங்கம் தோண்டி, உலை மூட்டி, மிகுந்த எரிபொருள் செலவிட்டே அதனை ஆக்குகிறோம். ஆண்டுக்கு ஒன்றாக வாங்கி எறிந்தால் அதிலும் நன்மையில்லை. ஒன்றை வாங்கி முப்பது ஆண்டு வைத்திருப்பதில்தான் அதன் சிறப்பு. பயன்பாடு முடிந்தாலும் பழைய உலோகமாக விலை போகும். மீண்டும் உருகி வேறொரு பொருளாகும். உங்கள் வீட்டில் இப்போது பிளாஸ்டிக் வழிப்பான் இருக்குமானால், இப்பேச்சைக் கேட்டதற்காக அதனை இன்றே எறிய வேண்டா. அது தேயும் வரை பயன்படுத்தி, அடுத்ததை மட்டும் உலோகத்தில் வாங்குங்கள்.

பயன்படுத்தும் முறை எளிது. வாங்கும்போது விளிம்பின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறோ கூர்மையோ இருந்தால் அது வேண்டா. காலையில் பல் துலக்கிய பின்னர் நாக்கை நீட்டி, கருவியை இரு கையாலும் பற்றி, எட்டக்கூடிய பின்பகுதியில் மெல்ல வைத்து, முன்னோக்கி ஒரே சீராக இழுக்க வேண்டும். பின்னோக்கித் தள்ளலாகாது. ஒவ்வொரு முறையும் நீரில் அலசி, நான்கைந்து முறை வழித்தால் போதும். இறுதியில் வாய் கொப்பளித்து, கருவியைக் கழுவித் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை கொதிநீரில் சிறிது நேரம் இடலாம். உலோகத்துக்கு அதனால் கேடில்லை. பல் துலக்கும் குச்சியைப் போலவே இதுவும் ஒருவருக்கு ஒன்றாக இருத்தல் வேண்டும்.

நம் தெருக்களில் விடியற்காலையில் கேட்கும் ஓர் ஒலியை நீங்கள் அறிவீர்கள். கிணற்றடியிலும் குழாயடியிலும் நின்று, தெருவே விழிக்குமாறு சிலர் ஓங்கரித்து நாக்கு வழிப்பர். அவ்வாறு செய்தால்தான் கோழையும் பித்தமும் வெளியேறும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாவின் அடிப்பகுதியையும் தொண்டையையும் தொட்டால், ஒன்பதாம் மூளை நரம்பின் வாயிலாகச் செய்தி சென்று குமட்டல் எழுகிறது. மூச்சுக்குழலுள் அயற்பொருள் புகாமல் காப்பதற்கென்று இயற்கை வைத்த காவல் அது. காவலனை நாள்தோறும் வேண்டுமென்றே எழுப்புவதால் நன்மை ஒன்றுமில்லை. குமட்டல் தோன்றும் இடத்துக்குச் சற்று முன்னரே கருவியை நிறுத்துங்கள். அழுத்தியும் தேய்க்காதீர்கள். நா எரிந்தாலோ குருதி கசிந்தாலோ நீங்கள் வழிப்பது அழுக்கையன்று, நாவையே என்று அறிக.

இப்போது அந்த வைத்திக்குப்பத்துப் பெரியவரிடம் திரும்புவோம். கடற்கரையில் பேசிய பழக்கத்தால் அவரை அவ்வப்போது சந்திப்பதுண்டு. புகையிலையோடு வெற்றிலை போடுவது அவர் இளமையிலேயே கொண்ட பழக்கம். அவரும் எவர்சில்வர் வழிப்பானே வைத்திருந்தார். ஒருநாள் அவர், "வாத்தியாரே, என் வழிப்பான் மழுங்கிப் போய்விட்டது போலிருக்கிறது. நாக்கின் ஓரத்தில் இந்த வெள்ளை மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு மாதமாக அழுத்தி அழுத்தி வழிக்கிறேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த விடைக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

வழித்தால் வரும் வெண்மை வேறு. வழித்தும் வராத வெண்மை வேறு. முன்னது படிவம். பின்னது நாவின் தோலே தடித்து மாறியதன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவர் அதனை வெண்படலம் என்பர். எல்லா வெண்படலமும் புற்றுநோயாவதில்லை. ஆனால் சில ஆகும். புகையிலையும் பாக்கும் மெல்வோர்க்கு அவ்வச்சம் மிகுதி. பாக்கும் வெற்றிலைக் கூட்டும் புகையிலை சேராவிடினும் புற்றுநோய் விளைவிப்பனவே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. இவற்றையெல்லாம் நூலில் படித்திருந்த நான், எதிரில் நின்ற மனிதர் சொன்னபோது உணரவில்லை.

உணர்ந்தவள் அவருடைய பேத்தி. பதினோராம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த அப்பெண், தாத்தா வழிப்பானைக் கழுவும்போது நீரில் செம்மை கலப்பதைக் கண்டாள். கண்ணாடியைக் கொண்டுவந்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கொளியில் பார்த்தாள். "தாத்தா, இது வழித்துப் போகிற அழுக்கில்லை; மருத்துவரிடம் வா" என்று பிடிவாதமாக அழைத்துச் சென்றாள். ஒரு சிறு தசையை எடுத்துச் சோதித்த மருத்துவர்கள், மாறுதல் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்று கண்டு அப்பகுதியை அகற்றினர். பெரியவர் நலமாக இருக்கிறார். வெற்றிலையை விட்டுவிட்டார். சில சொற்கள் மட்டும் இப்போது அவர் வாயில் சற்று வழுக்கும். "இன்னும் ஆறு மாதம் வழித்துக்கொண்டே இருந்திருந்தால் நாக்கே இருந்திராது, வாத்தியாரே" என்று அவர் என்னிடம் சொன்னபோது, எனக்கு விடை கூற நா எழவில்லை.

புதுச்சேரி, மருத்துவக் கல்வியில் பழம்பெருமை உடைய நகரம். பிரெஞ்சுக்காரர் 1823-ஆம் ஆண்டிலேயே இங்கு மருத்துவப் பள்ளி நிறுவினர். அதன் வழித்தோன்றலே இன்று ஜிப்மர் என்று வழங்கும் மருத்துவமனை. மருத்துவம் அண்மையில் இருந்தும், மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம் இது என்று உணரும் கண் வீட்டிலே இல்லாவிட்டால் பயன் என்ன? அந்தக் கண்ணாக மாணவர்களாகிய நீங்கள் இருக்க முடியும்.

ஆகவே நாக்கு வழிக்கும் அந்த அரை நிமிடத்தை இரு வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள். ஒன்று, தூய்மை. மற்றொன்று, பார்வை. வழித்தும் போகாத வெள்ளையோ சிவப்போ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, கையில் தட்டுப்படும் தடிப்போ, காரணமில்லாத குருதிக் கசிவோ தோன்றினால், புதிய வழிப்பான் வாங்காதீர்கள், மருத்துவரைக் காணுங்கள். வாரத்தில் ஒருநாள் நாக்கின் இரு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் கண்ணாடியில் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கண் மங்கியிருந்தால் நீங்களே பாருங்கள்.

நாவைக் காக்க வேண்டும் என்று வள்ளுவர் அடக்கமுடைமையில் அறிவுறுத்தியது சொல்லைக் குறித்து. அச்சொல் பிறக்கும் உறுப்பையும் காப்பது நம் கடமையே. அதற்கு ஒரு வளைந்த தகடு போதும். கடலுக்குச் சுமையாகாத தகடாக அது இருக்கட்டும். அதனைப் பிடிக்கும் கை மென்மையாகவும், அதனோடு செல்லும் கண் விழிப்பாகவும் இருக்கட்டும். இனி எவரேனும் ஏதேனும் ஒரு பொருளைக் காட்டி, "இதை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது?" என்று கேட்டால், நாக்கு வழிப்பது அவ்வளவு எளிய வேலையன்று என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.